மூடிய கை

பிப்ரவரி 9

தம்பி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "இருக்கேன்க்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். தீர்ப்பு சொன்ன அன்றைக்கும் அப்படித்தான். "ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" என்று நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்டார். நீ தலையை ஆட்டிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். கல்லுளிமங்கன்! எழுந்து வந்து உன் முதுகில் நாலு போடலாமா என்று இருந்தது. உன் மாமாதான் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

நீதிபதி படித்தது இன்னும் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரும்புக் கம்பிக் கட்டு கிரேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கீழே நின்று சைகை காட்டிய கொடிக்காரர் கையை உயர்த்தி மூடினார். கையை மூடினால் நிறுத்து என்று அர்த்தம். கம்பெனி விதிப்புத்தகத்தில் படம் போட்டே இருக்கிறது. மேலே கிரேனில் இருந்த நீ நிறுத்தவில்லை, இன்னும் இறக்கினாய். கட்டைத் தாங்கிய பெல்ட் அறுந்து, கட்டு அவர் மேல் சரிந்து அவர் இறந்துபோனார். கையை மூடியபோதே நிறுத்தியிருந்தால் அவர் விலகிப் போயிருப்பார். ஆகவே உனக்குச் சிறை.

டிரைவிங் ஸ்கூலில் நாள் முழுக்க, கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டுபவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவள் நான். கவனம் இல்லாதவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். நீ அந்த ஜாதி இல்லை. அடுப்பில் பால் வைத்தால் அது பொங்கும் வரை பாத்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்காதவன் நீ. அதிலும் கொடிக்காரர் காட்டும் சைகையையா விடுவாய்? "அண்ணன் இப்படிச் சொன்னார், அண்ணன் அப்படிச் செய்தார்" என்று அவர் பேச்சை எடுக்காமல் நம் வீட்டில் நீ ஒரு வேளை சாப்பிட்டது கிடையாது.

கம்பெனி வைத்துக் கொடுத்த வக்கீல் உன்னை வாயே திறக்க விடவில்லை. தீர்ப்பு வந்ததும் கம்பெனி கை கழுவிவிட்டது. நான் வேறு வக்கீல் பார்த்திருக்கிறேன், மேல்முறையீடு செய்யப் போகிறோம். இத்துடன் வக்காலத்து வருகிறது. பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இதற்கெல்லாம் கெடு உண்டு.

அக்கா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கிற அதிகாரி ஐயாவுக்கு வணக்கம். ஐயா, அவனைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.


பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

இருக்கேன்க்கா.

ஐயா உன் வணக்கத்தை ஏற்றுக்கொண்டார். சிரித்துக்கொண்டே கடிதத்தைக் கொடுத்தார். அவர் சிரிப்பார் என்பதே எங்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

என்னைச் சமையல் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். அண்டாவை இரண்டு பேர் தூக்க வேண்டும், அதில் ஒருவர் பின்பக்கமாக நடக்க வேண்டும். அவருக்கு நான் வழி சொல்கிறேன். கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, வா வா. பழக்கம் விடவில்லை. மற்றபடி இங்கே எல்லாமே கண் மட்டத்தில்தான் இருக்கிறது. இத்தனை வருடம் மேலேயிருந்து உலகத்தைப் பார்த்தவனுக்கு அது ஒன்றுதான் கஷ்டமாக இருக்கிறது.

மேல்முறையீடு வேண்டாம் அக்கா. வீம்புக்குச் சொல்லவில்லை. நான் இறக்கிய சுமைக்கு அடியில் ஒரு மனிதர் போய்விட்டார். நான் வெளியே வந்தால் அவர் திரும்பி வரப்போவதில்லை. நான் வாயைத் திறந்தால் அது வேறு யார் தலையிலோ போய் விடியும். இதற்கு மேல் கேட்காதே.

வக்காலத்தை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். முடிந்தால் கொடிக்கார அண்ணனின் மனைவி, அண்ணி, எப்படி இருக்கிறார் என்று யாரிடமாவது விசாரித்துச் சொல். அவர்கள் வீட்டு வாசலுக்கு மட்டும் போகாதே.

தம்பி


பிப்ரவரி 26

தம்பி,

யார் தலையில் விடியும்? அதைச் சொல்லாமல் மர்மக்கதை எழுதுகிறாயா?

உனக்குக் கோபம் வந்தாலும் சரி, நான் மறுபடி வக்கீலம்மாவிடம் போனேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் அவருடைய ஆபீஸ். கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, கீழே அட்டை மடித்து வைத்திருக்கிறார். முதல் தடவை பார்த்தபோது, இவரா நம் கேஸை நடத்துவார் என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. "ஜெயிச்சிடுவோமா மேடம்?" என்று கேட்டேன். "ஜெயிக்கிறேன்னு வாக்கு குடுக்கிற வக்கீல் இந்தத் தெருவிலேயே நிறைய பேர் இருக்காங்கம்மா. நான் படிச்சுப் பார்க்கிறேன்னு மட்டும்தான் வாக்கு குடுப்பேன்" என்றார். அந்த நிமிஷம் அவரைப் பிடித்துப்போனது.

அவர் நிஜமாகவே படித்திருக்கிறார். கட்டடத்துக் கேமராவில் பதிவான வீடியோவைப் போட்டுக் காட்டினார். கட்டு விழும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார், அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. "இங்க பாருங்க. அவர் கையை மூடுறார். மேல உங்க தம்பி அதைக் கவனிக்கலைன்னா, கட்டு அதே வேகத்துலதானே இறங்கணும்? வேகம் குறையுது. பாதிக்குப் பாதி குறையுது. அப்புறம் இவர் ரெண்டு கையையும் விரிக்கிறார். உடனே கிரேன் நின்னுடுது. அதுக்கப்புறம்தான் பெல்ட் அறுந்திருக்கு. நிறுத்தச் சொன்னதைக் கேட்காத ஆள், எதுக்கு மெதுவாக்கினார்? இதுக்கு உங்க தம்பி ஒருத்தர்தான் பதில் சொல்ல முடியும்."

சொல்லு. எதற்கு மெதுவாக்கினாய்?

நான் உன்மேல் சத்தம் போடுவதெல்லாம் உண்மைதான். ஆனால் காலையில் டம்ளரைக் கழுவும்போது உன் டம்ளரையும் எடுத்துக் கழுவி வைக்கிறேன், யாரும் குடிக்காத டம்ளரை. உன் மாமா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார். நீ இல்லாமல் எனக்கு இந்த வீடு வீடாக இல்லை.

வக்காலத்தை மறுபடியும் வைத்திருக்கிறேன்.

அக்கா


மார்ச் 7

அக்கா,

வேண்டாம் என்றேன். நீ கேட்கவில்லை. எப்போதுமே நீ இப்படித்தான். டிரைவிங் ஸ்கூல் காரில் உன் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது என்பதற்காக, ஊரில் உள்ள எல்லா வண்டியும் நீ ஓட்டுவது என்று நினைத்துக்கொள்கிறாய்.

ஒரே ஒரு தடவை சொல்கிறேன். வழக்கு தொடங்குவதற்கு முன்னால் கம்பெனி மேனேஜர் என்னைப் பார்க்க வந்தார். அண்ணிக்குக் கம்பெனி ஸ்டோரில் வேலை போட்டிருப்பதாகவும் கம்பெனிக் குடியிருப்பிலேயே அவர் இருந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். "கொடிக்காரன் மேல தப்புன்னு ஏதாவது வெளிய வந்துச்சுன்னா, மேலிடத்துல இதெல்லாம் செல்லாதுன்னுடுவாங்க. பார்த்துக்கோ" என்றார். பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

அண்ணிக்கு வேறு யாரும் இல்லை. அந்த வீட்டை விட்டால் அவருக்கு வேறு கூரையும் இல்லை. போனவரின் பெயரும் கெடாமல், இருப்பவரின் கூரையும் போகாமல் இருக்க நான் கொஞ்ச காலம் அண்டா தூக்கினால் என்ன குறைந்துவிடும்?

வக்காலத்தை மறுபடியும் திருப்புகிறேன். இன்னொரு தடவை அனுப்பினால் கிழித்துவிடுவேன். டம்ளரைக் கழுவாதே, கவிழ்த்து வை.

தம்பி


மார்ச் 16

தம்பி,

போகாதே என்றாய். போனேன். திட்ட வேண்டியதை எல்லாம் கடைசியில் சேர்த்துத் திட்டிக்கொள், முதலில் படி.

குடியிருப்புக்கு ஸ்கூல் காரிலேயே போனேன். அந்தச் சந்து ஒரு வண்டி நுழையும் அளவுதான், அந்தக் கோடியில் சுவர். கொடிக்காரர் மனைவி கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகிவிட்டது. அப்பீல் பண்ணப் போகிறோம் என்று வாசலிலேயே சொன்னேன்.

"உள்ள வராதீங்க" என்றார். "கூடப்பிறந்தவன் மாதிரிதாங்க உங்க தம்பியை அவர் வச்சிருந்தார். நிறுத்துன்னு கையைக் காட்டியும் நிறுத்தலையாமே. மேனேஜர் வந்து சொன்னார். இதுல அப்பீல் வேறயா?"

"நீங்க அந்த வீடியோவைப் பார்த்தீங்களா?" என்றேன். அசட்டுத்தனமான கேள்வி, கேட்ட பிறகுதான் உறைத்தது.

"அதை நான் எப்படிங்க பார்ப்பேன்? கோர்ட்டுப் பக்கமே நான் வரலை" என்றார். கதவைச் சாத்திவிட்டார்.

திரும்பி வந்து காரில் உட்கார்ந்தேன். அங்கே வண்டியைத் திருப்ப இடமில்லை, ரிவர்ஸிலேயே வெளியே வர வேண்டும். அழுதுகொண்டு ரிவர்ஸ் எடுக்கக் கூடாது என்று படிக்க வருபவர்களுக்குச் சொல்கிற நான், அழுதுகொண்டுதான் எடுத்தேன். நெடுக அவருடைய செடித் தொட்டிகள். ஒன்றில் இடித்தும்விட்டேன். சத்தம் கேட்டு அவர் வெளியே ஓடி வந்தார். என்மேல் கோபம் இருந்தாலும் செடிமேல் கோபம் இல்லையே. பக்கச் சுவரை ஒட்டி நகர்ந்து வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கையை ஆட்டி வா வா என்று காட்டினார். நான் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அடுத்த தொட்டி நெருங்கியது. அவர் கையை உயர்த்தி மூடினார்.

நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது.

"ஏங்க நின்னுட்டீங்க?"

"நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க?"

"நான் எங்க நிறுத்தச் சொன்னேன்? மெதுவா வாங்கன்னு காட்டினேன். நிறுத்தணும்னா ரெண்டு கையையும் விரிப்போம்ல. எங்க வீட்ல எப்பவும் அப்படித்தான், ஸ்கூட்டரை வெளிய எடுக்கும்போதுகூட அவர் இப்படித்தான் மெது..."

அந்த வார்த்தையை அவர் முடிக்கவில்லை. மூடிய கை அப்படியே மேலே நின்றது. தன் கையைத் தானே அண்ணாந்து பார்த்தார். நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன்.

இறங்கிப் போனேன். அவர் தொட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வக்கீலம்மா வீடியோவில் காட்டியதை எல்லாம் சொன்னேன். கையை மூடியதும் வேகம் குறைந்ததையும், கையை விரித்ததும் கிரேன் நின்றதையும்.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை நான் கேட்கலையே. அவனும் ஒரு வார்த்தை சொல்லலையே. ஏன் சொல்லலை?" என்றார்.

மன்னித்துக்கொள், மேனேஜர் உன்னிடம் பேசியதையும் சொல்லிவிட்டேன். இனி அதை மூடி வைக்க என்னால் ஆகாது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அந்த வேலைக்காக என் வீட்டுக்காரர் கையை நான் மறைக்கணுமா?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, மேனேஜரைக் கேட்டாரா தெரியவில்லை. "உங்க வக்கீலம்மாகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். போனோம்.

கெடு நெருங்குகிறது. வக்காலத்தை மூன்றாம் தடவையாக அனுப்புகிறேன். அதில் கீழே ஓரத்தில் பென்சிலில் எழுதியிருப்பது என் கையெழுத்து இல்லை, அவருடையது. "கையெழுத்துப் போடு தம்பி" என்று எழுதியிருக்கிறார்.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்கா,

திட்ட முடியவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நண்பர், "நீ உரிக்கவே இல்லையே, உனக்கு எதுக்குக் கண்ணீர்?" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பும் வந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி நீ கேட்டதற்குப் பதில்.

மெதுவாக என்பதற்கு விதிப்புத்தகத்தில் வேறு சைகை உண்டு. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கிள்ளுகிற மாதிரி திறந்து திறந்து மூட வேண்டும். அண்ணனுக்கு அந்த இரண்டு விரலும் தனியாக அசையாது, மற்ற விரல்களோடு சேர்த்து மடக்கத்தான் முடியும். பல வருடம் முன்னால் அதே கம்பெனியில் சங்கிலியில் மாட்டி நசுங்கியவை. அதனால் நாங்கள் இருவரும் சேர்ந்து வேலை பார்க்க ஆரம்பித்தபோது, "கையை மூடினா மெதுவா. ரெண்டையும் விரிச்சா நிப்பாட்டு. சரியா?" என்றார். சரி என்றேன். பேச வாக்கி டாக்கி இருந்தது. ரிப்பேருக்குப் போனது திரும்பி வரவே இல்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்து விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு அந்தக் கைதான் எங்கள் பேச்சு. நாளடைவில் அதே சைகைக்கு விதிப்புத்தகத்தில் வேறு அர்த்தம் இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்துபோனது.

அன்றைக்கு அவர் மெதுவாக என்றார், மெதுவாக்கினேன். அப்புறம் பெல்ட் பிய்வதை அவர் பார்த்திருக்க வேண்டும். கையை விரித்தார், நிறுத்தினேன். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது.

இதைக் கோர்ட்டில் சொன்னால் விதியை மீறிச் சைகை காட்டியவர் அவர் என்று எழுதிவிடுவார்கள் என்று பயந்தேன். வக்கீலம்மாவிடம் ஒரு நிபந்தனை சொல். அவர் தப்பாகக் காட்டினார் என்று ஒரு வரிகூட வரக் கூடாது. அவர் காட்டியதும் சரி, நான் செய்ததும் சரி. இப்படி ஒரு வழக்கை நடத்த முடியும் என்றால் நடத்தட்டும்.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல். செடித் தொட்டி உடைந்ததா?

தம்பி


ஜூலை 3

தம்பி,

தொட்டி உடையவில்லை, கீறல்தான். அந்தத் தொட்டிகள் இப்போது நம் டிரைவிங் ஸ்கூல் வாசலில் இருக்கின்றன. உன் அண்ணி சாட்சி சொல்லப் போகிறார் என்று தெரிந்ததும் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். உன் அண்ணி குடியிருப்பு வீட்டுச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஸ்கூலுக்கு மேலே உள்ள அறையைச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறோம். வண்டி பழகுகிறார், என் ஆபீஸையும் பார்த்துக்கொள்கிறார். நான் போட்டு வைத்திருந்த குப்பையை எல்லாம் ஒழுங்கு பண்ணிவிட்டார், இப்போது எனக்கு எதுவும் கிடைப்பதில்லை.

இன்றைக்கு விசாரணை. மேல்முறையீட்டில் புதிய சாட்சியைக் கேட்பது அபூர்வமாம். வக்கீலம்மா ஒற்றைக் காலில் நின்று அனுமதி வாங்கியிருந்தார். உன் நிபந்தனையைச் சொன்னபோது சிரித்தார். "அதுதாம்மா நம்ம வாதமே. விரல் சரியா அசையாதுன்னு தெரிஞ்சும் அவரை அந்த வேலையில நிறுத்தினது யாரு? வாக்கி டாக்கி குடுக்காதது யாரு? பிஞ்ச பெல்ட்டை மாட்டக் குடுத்தது யாரு? இந்த ரெண்டு பேர் மேலயும் தப்பே இல்லை" என்றார்.

அரசு வக்கீல் உன் அண்ணியைக் குறுக்கு விசாரணை செய்தார். "உங்க கணவர் சாவுக்குக் காரணமானவரைக் காப்பாத்த உங்களுக்கு ஏம்மா இவ்வளவு அக்கறை?" என்று கேட்டார்.

"நான் யாரையும் காப்பாத்த வரலைங்க. என் வீட்டுக்காரர் கடைசியா என்ன சொன்னார்னு சொல்ல வந்தேன்" என்றார் அவர். அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நாள் முழுவதற்குமான பதிவு கோர்ட்டிலேயே இருந்திருக்கிறது. கீழ்க்கோர்ட்டில் கடைசித் துண்டை மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வக்கீலம்மா காலையிலிருந்து போடச் சொன்னார். கொடிக்காரர் கையை மூடுகிறார், சுமை மெதுவாகிறது. கையை விரிக்கிறார், நிற்கிறது. மறுபடி, மறுபடி. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. நீதிபதி தன் கையையே உயர்த்தி மூடிப் பார்த்துக்கொண்டார்.

கடைசித் துண்டு வந்தபோது, கட்டு விழுவதற்கு முன் நிறுத்திவிடுவதாக வக்கீலம்மா உன் அண்ணியிடம் முன்பே சொல்லியிருந்தார். அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைப் பார்த்தார். என் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தார். திரையில் கொடிக்காரர் இரண்டு கையையும் விரித்தார். கட்டு அந்தரத்தில் நின்றது.

"நின்னுடுச்சு பாருங்க" என்றார். கோர்ட் என்பதையே மறந்து சத்தமாகச் சொன்னார். "அவர் சொன்னதும் நின்னுடுச்சு. அவன் நிறுத்திட்டான்."

யாரும் அவரை அமைதியாக இருக்கச் சொல்லவில்லை. தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். எப்படி வந்தாலும் சரி தம்பி, நீ சொல்லாமல் விட்டதைக் கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார்.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்கா,

நீ தந்தி மாதிரி எழுதி அனுப்பிய இரண்டு வரிக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதிகாரி ஐயா சமையல் கூடத்துக்கே வந்து, "தண்டனை ரத்தாயிடுச்சு. உங்க அக்காவுக்கு என் வணக்கத்தைத் திருப்பிச் சொல்லிடு" என்றார். உத்தரவு இங்கே வந்து சேர இன்னும் சில நாள் ஆகுமாம்.

சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. மறுபடி கிரேன் ஏறுவேனா தெரியவில்லை. கீழே வேறு ஒருவர் நின்று கை காட்டினால் நான் எதைப் பார்ப்பேன்? அதை அப்புறம் யோசிக்கிறேன்.

அண்ணி முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. உனக்குத் தெரியுமே, எனக்கு ஒரு வார்த்தைக்கு மேல் வராது. விடுதலை அன்றைக்கு நீ தனியாக வா. முதல் நாள் நீ மட்டும் போதும்.

தம்பி


ஜூலை 25

தம்பி,

தனியாக வரச் சொல்கிறாய். நடக்காது. வண்டியை ஓட்டப் போவதே உன் அண்ணிதான். லைசென்ஸ் வாங்கிவிட்டார். நான் பக்கத்தில் என் பிரேக்கோடு உட்கார்ந்து வருகிறேன்.

நேற்று ஒத்திகை மாதிரி சிறை வாசல் வரை வந்து பார்த்தோம். கேட்டுக்கு முன்னால் வண்டியைத் திருப்ப இடமில்லை, ரிவர்ஸில்தான் வெளியே எடுக்க வேண்டும். பின்னால் யாராவது நின்று வழி காட்ட வேண்டும். அந்த வேலையை உனக்கு ஒதுக்கியிருக்கிறார்.

"அவன் எதுவும் பேச வேண்டாம்னு சொல்லுங்க. பின்னால நின்னு கையை மூடிக் காட்டினாப் போதும், நான் மெதுவா வந்துக்கிறேன்" என்றார்.

உன் டம்ளரை நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

அக்கா